பழைய படகில் புதிய ஒட்டு

கடலோரப் பங்குகளில் வாழும் குடும்பங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்நாட்டுப் பங்குகளில் வாழும் வாசகர்களுக்காகவே இதை முதலில் எழுதுகிறோம். மீனவர் வீட்டில் படகு வாங்குவது வயல் வாங்குவதைப் போன்றதன்று. வயல் ஒரு போகம் பொய்த்தால் மறு போகத்திற்குக் காத்திருக்கலாம். படகு பொய்த்தால் அதில் ஏறிய நால்வரும் கரை திரும்பாமற் போகலாம். ஆகவே, பழைய படகொன்றின் உடலில் சேதம் இருக்கிறது, அதைச் செப்பனிட்டு ஓட்டலாமா அல்லது விட்டுவிடலாமா என்னும் கேள்வி அங்கே வெறும் வரவு செலவுக் கேள்வியாக எழுவதில்லை.

சோழகக் காற்று ஓய்ந்து வரும் இந்நாட்களில், சென்ற மாதம், இத்தகைய கேள்வி ஒன்றோடு ஒரு குடும்பத்தார் நம்மை நாடி வந்தனர். தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட கரையில் வாழ்பவர்கள். அண்ணன் தம்பி இருவர், அவர்களுடைய தங்கையின் கணவர் ஒருவர். மூவரும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிறர் படகில் பங்குக்குச் சென்று பிழைத்தவர்கள். இம்முறை சொந்தப் படகு வேண்டும் என்று துணிந்துவிட்டார்கள். புதியது வாங்கக் கைப்பொருள் எட்டவில்லை. அடுத்த ஊரில் இருபத்தெட்டு அடி நீளமுள்ள ஃபைபர் வள்ளம் ஒன்று, எஞ்சின் இல்லாமல், புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் என்று தகவல் வந்தது. மூத்தவரின் மனைவி தாலிக்கொடி நீங்கலாக மற்ற நகைகளை அடகு வைக்க இசைந்துவிட்டார். மீதிக்கு, கரையில் மீன் ஏலம் கூறும் வியாபாரியிடம் முன்பணம். அந்த முன்பணத்தைத் தொட்டவன் தன் மீனை அவர் கையாலேயே விற்க வேண்டும். அது தீரும்வரை வேறொருவர் நல்ல விலை சொன்னாலும் கொடுக்க முடியாது. இத்தனையும் ஒரு படகின்மேல் ஏறி நின்றன.

"எங்களுக்குப் படகு பாக்கத் தெரியும். ஆனா ஆசப்பட்டவன் கண்ணுக்கு ஓட்ட தெரியாது. நீங்களும் ஓடாவியும் கூட வாங்க" என்றார் மூத்தவர். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது என்று நமக்குத் தோன்றியது. புறப்பட்டோம்.

மரம் போய் நார் வந்த கதை

ஓடாவி என்பது படகு கட்டும் தச்சருக்கு நம் கரையில் வழங்கும் பழம்பெயர். எங்களுடன் வந்தவர் எழுபது வயதைக் கடந்தவர். வாலிபத்தில் மரப்பலகை வள்ளங்கள் கட்டியவர். பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசும் கலப்பத்து வேலையில் கைதேர்ந்தவர். மரம் விலையேறி, மரவள்ளம் கேட்பாரற்றுப் போனபோது, வயதான காலத்தில் கண்ணாடி இழை வேலையையும் கற்றுக்கொண்டார்.

நம் கரையில் படகின் வரலாறே இப்படிப் பல ஒட்டுகளால் ஆனதுதான். மென்மையான மரத்துண்டங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் ஒருபுறம், பலகைகளைக் கயிற்றால் தைத்த கட்டுவள்ளம் மற்றொருபுறம் என்று நெடுங்காலம் சென்றது. 1980களில் கோட்டாறு மறைமாவட்டத்து முட்டம் கடற்கரையில், திருச்சபையின் சமூகப்பணியோடு வளர்ந்த படகு கட்டும் கூடத்தில், ஒட்டுப்பலகையைக் கம்பியால் தைத்து, ரெசினும் கண்ணாடி இழையும் பூசி, இலேசான படகுகள் செய்யப்பட்டன. தைத்த வள்ளத்தின் பேரப்பிள்ளை என்றே அவற்றைச் சொல்லலாம். அதன்பின் முழுவதும் கண்ணாடி இழையாலேயே ஆன வள்ளம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை படகுகளை நொறுக்கிச் சென்றபின், உதவி நிறுவனங்கள் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த வள்ளங்களால் கரை நிறைந்தது. கொடுத்த கைகளை நாம் குறை கூறவில்லை; ஆயினும் அவசரத்தில் கட்டப்பட்டவற்றுள் தரம் குன்றியவை பல இருந்தன என்பது பின்னர் எல்லாருக்கும் தெரிந்துபோனது. நல்ல வள்ளத்தையும் போலி வள்ளத்தையும் ஒரே நீல வண்ணம் மூடிவிடும் என்பதைக் கரை அன்று கற்றுக்கொண்டது.

நாணயம் சொன்ன செய்தி

வள்ளம் ஒரு வேப்பமரத்தின் அருகே மணலில் கிடந்தது. புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். அணியத்தில் அன்னையின் பெயர். தம்பியின் முகம் மலர்ந்ததை நாம் கவனித்தோம். ஓடாவி முதலில் படகைப் பார்க்கவேயில்லை. அதைச் சுற்றியிருந்த மணலைப் பார்த்தார். "இத இங்க தூக்கி வைக்க எத்தன பேரு வந்தீங்க?" என்று விற்பவரைக் கேட்டார். பத்துப் பேர் என்றார் அவர். ஓடாவி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நமக்கு விளக்கினார். கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்க வள்ளத்தின் அடைப்புகளுக்குள் பஞ்சு போன்ற மிதவைப் பொருளை வைத்து மூடியிருப்பார்கள். ஏதேனும் வெடிப்பின் வழியே நீர் உட்புகுந்தால் அது ஊறிக் கனக்கும். புதிதாய் இருந்தபோது எத்தனை பேர் தூக்கினார்கள், இப்போது எத்தனை பேர் தூக்குகிறார்கள் என்பது தராசு இல்லாத ஊரில் நல்ல தராசு.

அடுத்து மடியிலிருந்து ஒரு பழைய நாணயத்தை எடுத்தார். அணியத்திலிருந்து தொடங்கி, கைப்பிடி தூரத்திற்கு ஒரு தட்டாக, படகின் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே சென்றார். கண்ணாடி இழைப் படகு, ரெசினில் தோய்த்த இழைப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஆக்கியது. படலங்கள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும் இடத்தில் நாணயம் 'டிக், டிக்' என்று தெளிவாக ஒலிக்கும். படலங்கள் பிரிந்து நடுவே காற்றோ நீரோ புகுந்திருந்தால் ஒலி மழுங்கிவிடும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கும் நம் தாய்மாருக்கு இது புதிய வித்தையன்று. இடப்பக்கத்தில், நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, ஒலி மழுங்கியது. ஓடாவி அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டார். வளையம் முடிந்தபோது அது ஒரு முறம் அளவு இருந்தது.

உள்ளே ஏறி அதே இடத்தைப் பார்த்தோம். வெளியே வண்ணம் மூடியதை உட்புறம் மூடவில்லை. இழைகள் முறிந்த இடம் வெண்மையாகப் பூத்து, சிலந்திவலை போல வெடிப்புகள் ஓடின. வெளிப்புற வண்ணத்தைக் கத்தியால் சுரண்டியபோது, கீழே மக்கு வைத்து மெழுகியிருந்தது தெரிந்தது. மக்குக்கு அடியில் யாரோ முன்பு வைத்த ஒட்டு ஒன்று, ஓரம் பிரிந்து, நகத்தால் தூக்கினாலே எழும்பியது.

இந்த ஒட்டைப் பற்றி ஓடாவி சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். ஏனெனில் பணம் கொடுத்து ஏமாறும் இடம் இதுதான். புதிதாகப் படகு கட்டும்போது ஒரு படலம் முழுதும் இறுகுமுன் அடுத்ததை வைப்பதால் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிடும். பல ஆண்டு இறுகிப்போன பழைய உடலின்மேல் வைக்கும் புதிய ரெசின் அப்படிக் கலப்பதில்லை. அது பற்றிக்கொள்ள மட்டுமே செய்யும். பற்றுவதற்குப் பிடி வேண்டும். எனவே சேதமுற்ற பகுதியை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு, சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். உடல் எவ்வளவு தடிமனோ அதைப்போல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு அகலத்திற்குச் சரிவு இருத்தல் நலம். ஆறு மில்லிமீட்டர் தடிப்புள்ள பக்கத்திற்கு, துளையைச் சுற்றி எல்லாப் புறமும் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அச்சரிவில்தான் புதிய பாய்களைப் படிப்படியாக வைக்க வேண்டும். ஒரு சாண் ஓட்டைக்கு இரண்டு சாண் படகைத் தேய்க்கிறானே என்று உடையவனுக்கு வயிறு எரியும். எரிந்தாலும் வேறு வழியில்லை. பழைய ஆடையில் புதிய துணியை ஒட்டுப்போடுவது பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை அப்போது நம் நினைவுக்கு வந்தது. ஒட்டு கிழித்துக்கொண்டு போகும் என்பதை அவர் தச்சர் வீட்டில் வளர்ந்தவராகவே சொல்லியிருக்க வேண்டும்.

விற்பவரின் மௌனம்

மக்கு வெளிப்பட்டதும் அங்கே ஒரு சங்கடமான அமைதி நிலவியது. விற்பவரும் மீனவரே, அவரும் செல்வந்தர் அல்லர். மூத்தவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, இது என்னன்னு நீங்களே சொல்லிருங்க" என்று மட்டும் கேட்டார். சிறிது நேரம் கழித்து அவர் வாய் திறந்தார். இரவில் கரையேறும்போது துறைமுகத்துத் தடுப்புச் சுவர்ப் பாறையில் வள்ளம் ஏறிவிட்டதாம். மகளின் திருமணத்திற்கு நாள் குறித்தாயிற்று. உள்ளதைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று பயந்து மக்கு பூசியிருக்கிறார்.

விற்பனையில் மறைவான குறையைச் சொல்லும் கடமை பற்றிப் புனித தோமா அக்குவினார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தம் இறையியல் தொகுப்பில் ஆராய்ந்திருக்கிறார். வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையை விற்பவன் வெளிப்படுத்தியே ஆகவேண்டும். இடிந்துவிழும் வீட்டை உறுதியான வீடென்று விற்பது அநீதி என்பது அவர் முடிவு. அதே சமயம், குறை கண்ணுக்குத் தெரியக்கூடியதாக இருந்து, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், அதை ஊரறியக் கூவ வேண்டியதில்லை என்றும் அவர் விலக்கு அளிக்கிறார். இந்த வள்ளத்தில் விலை குறைந்திருந்தது உண்மை. ஆனால் குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது மக்கு. இழப்பு மட்டுமன்று, உயிராபத்தும் அதில் உண்டு. இதை நாம் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் தலை நிமிரவேயில்லை. பிறகு தாமாகவே ஒன்றைச் சொன்னார்: "பின்பலகையையும் பாத்துக்கங்க."

அதுவரை யாரும் பின்பலகையைப் பார்க்கவில்லை. எஞ்சினைத் தொங்கவிடும் அப்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். இருபுறமும் கண்ணாடி இழை மூடியிருக்கும். எஞ்சினை இறுக்கும் போல்ட்டுத் துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால், அவற்றின் வழியே கடல்நீர் இறங்கி உள்ளிருக்கும் பலகையை உளுக்கவைக்கும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. ஓடாவி உட்புறத்தில் சிறு துளை ஒன்று இட்டார். உலர்ந்த மரத்தூள் வந்திருக்க வேண்டிய இடத்தில், கருத்து நனைந்த, புளித்த வாடை வீசும் கூழ் வந்தது. ஓடும்போது எஞ்சினின் தள்ளுவிசை முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான். அது நடுக்கடலில் பெயர்ந்தால் எஞ்சினும் போகும், பின்புறமும் திறந்துகொள்ளும்.

வேண்டுமா, வேண்டாமா?

தங்கையின் கணவர் "வேண்டாம், போவோம்" என்றார். தம்பியோ, ஒட்டுப் போட்டு ஒரு வாரத்தில் இறக்கிவிடலாம் என்றார். ஓடாவி இருவருக்கும் பதில் சொல்லாமல் மீண்டும் படகினுள் ஏறி, ஏராவின் இருபுறமும் அடித்தளத்தைக் குதிகாலால் அழுத்திக்கொண்டே நடந்தார். தளம் அமுங்குகிறதா, குறுக்குச் சட்டங்களும் நெடுஞ்சட்டங்களும் உடலோடு ஒட்டிய இடத்தில் விரிசல் உண்டா என்று பார்த்தார். மிதவை அடைப்புகளில் ஒன்றைத் திறந்து கைவிட்டுத் துழாவினார். முன் அடைப்பு ஊறியிருந்தது, மற்றவை உலர்ந்திருந்தன. பத்துப் பேர் தூக்கியதன் காரணம் அதுதான். கீழே இறங்கி அவர் சொன்னது இது: "பக்கம் ஒடஞ்சா வைத்தியம் பாக்கலாம். அடி இளகுனா அடக்கம் பண்ணிரணும். இதுக்கு அடி நல்லா இருக்கு."

பிறகு கணக்கு நடந்தது. ரெசினுக்கும் பாய்க்கும் ஆகும் செலவு பெரிதன்று. கூலி அதைவிடப் பெரிது. இரண்டையும் விடப் பெரியது காத்திருக்கும் நாள். அதை எந்தக் கடைக்காரரும் பட்டியலில் எழுதித் தருவதில்லை. அடகுக்கு மாத வட்டி ஓடும். மூவரும் இன்னும் சில வாரம் பிறர் படகிலேயே செல்ல வேண்டும். விசைப்படகுகளுக்காவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. அந்நாட்களில் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஆகவே ஓய்வும் இல்லை.

இவ்வளவு செலவிட்டபின் கிடைக்கும் படகு புதிய படகின் விலைக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது என்பதே உண்மையான கேள்வி என்று நமக்குப் பட்டது. பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவது மேல் என்றோம். விற்பவர், தாமே பின்பலகையைக் காட்டியவர், கேட்ட விலையில் பாதியாகக் குறைத்துக்கொண்டார். பதிவுச் சான்று அவர் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றித் தர ஒப்பினார். அப்போதும் மூத்தவர் முடிவு சொல்லவில்லை. வீட்டில் கேட்க வேண்டும் என்றார்.

நாம் இதை எழுதக் காரணமானவர் அவருடைய மனைவியே. நகை போகிறதே என்று அவர் கலங்கவில்லை. முழுக்கதையையும் கேட்டபின் அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தன நாளு காயணும்னு ஓடாவி சொன்னாரு?" மூன்று வாரமாவது ஆகும் என்றோம். "அப்ப மூணு வாரத்துக்கு முந்தி யாரும் தொடப்படாது. கடலுக்குப் போறது நீங்க. கரையில நிக்கது நான்." இந்த நிபந்தனையின்மேல் வள்ளம் வாங்கப்பட்டது.

கலிலேயக் கடலில் ஒரு படகு

இங்கே சற்று விலகி, ஒரு பழைய படகைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். 1986 ஜனவரியில், வறட்சியால் கலிலேயக் கடலின் நீர்மட்டம் தாழ்ந்திருந்தபோது, கினோசார் என்னும் இடத்தின் கரைச்சேற்றில் மீனவரான சகோதரர் இருவர் ஒரு படகின் உருவத்தைக் கண்டனர். ஆய்வில் அது நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது என்று தெரிந்தது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய இருபத்தேழு அடி, அகலம் 2.3 மீட்டர். நம் கரையில் கிடக்கும் வள்ளத்தின் அளவுதான்! ஆண்டவரோ இராயப்பரோ அதில் ஏறினார்கள் என்பதற்குச் சான்று ஏதுமில்லை; அப்படிச் சொல்லி வியாபாரம் செய்வோரை நம்ப வேண்டாம். நம்மைக் கவர்ந்தது வேறு. அப்படகில் கேதுரு, கருவாலி முதலாகப் பன்னிரண்டு வகை மரங்கள் இருந்தன. வேறு படகுகளிலிருந்து எடுத்த பலகைகளும் இருந்தன. மீண்டும் மீண்டும் பழுதுபார்க்கப்பட்ட தடயங்கள் காணப்பட்டன. நல்ல மரம் கிடைக்காத, ஆனால் தொழில் தெரிந்த தச்சர்களின் கைவேலை என்று ஆய்வாளர் கருதினர். இறுதியில் ஒருநாள், இனி இது தேறாது என்று முடிவு செய்து, வேறு படகுக்கு உதவும் உறுப்புகளையெல்லாம் கழற்றிக்கொண்டு, எஞ்சிய உடலை ஏரியில் விட்டிருக்கிறார்கள். ஆக, ஒட்டுப்போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அன்றைய கலிலேயர் அறிந்திருந்தனர். அந்த எல்லைநாள்வரை அது எத்தனை வீடுகளுக்குச் சோறு போட்டதோ!

வேப்பமரத்தடியில்

வள்ளம் இப்போது அவர்கள் ஊரில், ஓலைக் கொட்டகையின்கீழ் கவிழ்ந்து கிடக்கிறது. சேதமுற்ற பக்கம் வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. பின்பலகையின் உளுத்த மரம் முழுதும் தோண்டப்பட்டது. ஊறிய மிதவைப் பொருளை மாற்றப்போகிறார்கள். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் உடல் முழுவதையும் நன்னீரால் பலமுறை கழுவினார்கள். இனிக் காய வேண்டும். ஈரத்தின்மேல் ரெசின் பற்றாது. காய்ந்ததா என்பதை அறிய ஓடாவி எளிய வழி வைத்திருக்கிறார். ஒரு சதுரப் பாலித்தீன் தாளைத் தேய்த்த இடத்தின்மேல் பரப்பி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, வெயிலில் விடுகிறார். மறுநாள் தாளின் உட்புறத்தில் வியர்வைத் துளி அரும்பியிருந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

வீட்டில் தாமே இவ்வேலையைச் செய்யத் துணியும் இளைஞர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ரெசினை இறுகச் செய்ய இரண்டு திரவங்கள் உண்டு. முடுக்கியாகிய கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்தபின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். அவ்விரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று அளவுக்கு மேல் ஊற்றுவதும், எல்லாப் பாய்களையும் ஒரே மூச்சில் அடுக்குவதும் சூடேற்றி ஒட்டைக் கெடுக்கும்.

அக்டோபர் செபமாலை மாதம் தொடங்குமுன் வள்ளத்தை மந்திரித்து இறக்கிவிட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. ஐப்பசி மழை வந்துவிட்டால் காய்வது தடைப்படும் என்ற அச்சமும் நியாயமானதே. பங்குத்தந்தையிடம் நாள் கேட்கச் சென்றவரை, "வெளியே தெளிக்கத் தீர்த்தம் நான் கொண்டு வருகிறேன், உள்ளே இருக்கிற தண்ணீர் முதலில் வெளியே வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

சென்ற வாரம் நாம் அங்கே சென்றிருந்தபோது காலை திருப்பலி முடிந்த நேரம். தம்பி கொட்டகைக்குள் குனிந்து பாலித்தீன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் நான்கைந்து துளிகள். மூத்தவரின் மனைவி தேநீர்த் தம்ளரோடு வந்து அவரும் எட்டிப் பார்த்தார். ஓடாவி தாளை உரித்து, உட்புறத்தைத் துணியால் துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் ஒட்டினார்.